மரநிழலுக்கு ஏற்ற பனையோலைப் புல்

மாமரமோ வேம்போ நிற்கும் வீட்டுத் தோட்டங்களில் ஒரு காட்சியைப் பெரும்பாலும் காணலாம். வெயில் படும் இடமெல்லாம் புல்தரை பசுமையாக இருக்கும்; மரத்தடி மட்டும் வட்டமாக வெறும் மண்ணாய்க் கிடக்கும். வீட்டுக்காரர் ஆண்டுதோறும் புதிய புல்லை விலைக்கு வாங்கிப் பதிப்பார். சில மாதங்களில் அது வெளிறி மறைந்துவிடும். குறை உரத்திலும் இல்லை, நீரிலும் இல்லை. நம் புல்தரைகளில் மிகுதியாகப் பயன்படும் அருகம்புல் வகைகள் திறந்தவெளிக்கு உரியவை. நாள்தோறும் ஏறத்தாழ 6 மணி நேரம் நேரடி வெயில் கிடைக்காவிடில் அவை மெலிந்து போகும்.

காட்டுத் தரையில் நிழலிலேயே வாழப் பழகிய புற்களும் உண்டு. தோட்டக்கலை நூல்களின் படங்களில் பலரைக் கவர்வது, ஜப்பானின் ஹக்கோனே மலைப்பகுதியின் பெயரைத் தாங்கிய ஹக்கோனெக்ளோவா. பொன்னிறக் கோடுகள் ஓடிய இலைகள் அருவிபோல் வளைந்து விழும் அழகு அதற்கு உண்டு. ஆயினும் அது குளிர்ந்த, ஈரமான மலைச்சரிவின் புல். குளிர்காலத்தில் மேற்பகுதி காய்ந்து ஓய்வெடுத்துப் பின்னர் தளிர்ப்பது. நம் சமவெளிக் கோடையில் அதை வளர்க்க முயல்வது பணத்தையும் பொறுமையையும் ஒருங்கே இழப்பதாகும்.

நமக்கு உகந்தது, இந்தியா உள்ளிட்ட வெப்பமண்டல ஆசியாவின் காட்டோரங்களில் இயற்கையாக வளரும் பனையோலைப் புல்லே. நாற்றுப்பண்ணைகளில் ‘பாம் கிராஸ்’ என்று கேட்கலாம். தாவரவியற் பெயர் செட்டாரியா பால்மிஃபோலியா. நாம் உண்ணும் தினையும் இதே செட்டாரியா இனத்தைச் சேர்ந்தது என்பது வியப்பளிக்கும் உறவு. இளம் பனங்கன்றின் ஓலைபோல் மடிப்பு மடிப்பாக அமைந்த அகன்ற இலைகள், ஒரு மீட்டருக்கும் மேலாக உயரும் தூர்கள், மென்காற்றிலும் அசையும் தோற்றம் ஆகியவற்றால், பூச்செடிகள் வாடும் இடத்தையும் இது நிறைத்துவிடும். வெண்கோடுகள் கொண்ட வகை மங்கிய மூலைக்கு வெளிச்சம் சேர்ப்பதுபோல் தோன்றும்.

நடுமுன் நிழலின் தன்மையை அறிதல் வேண்டும். நண்பகலில் தரைக்கு ஒரு முழ உயரத்தில் கையை விரித்துப் பாருங்கள். கையின் நிழல் மங்கலாகவேனும் தெரிந்தால் அங்கே இப்புல் வளரும். நிழலே விழவில்லையெனில், முதலில் தாழ்ந்த கிளைகள் சிலவற்றைக் கழித்து ஒளிக்கு வழிவிட வேண்டும்.

பருவமழை தொடங்கும் காலமே நடவுக்கு ஏற்றது. விதையைவிடத் தூர் பிரித்து நடுவது எளிது. மரத்தின் பருத்த வேர்களை வெட்டாமல், அவற்றிற்கு இடையே ஓரடி ஆழக் குழி எடுத்து, மக்கிய எருவைக் கலந்து, இரண்டடி இடைவெளியில் நடலாம். மரத்தடியில் புதிய மண்ணைக் கொட்டி மேடாக்கும் வழக்கம் மிகத் தவறானது. வேர்களுக்குக் காற்று கிடைக்காமல் மரமே நலிந்துவிடக்கூடும். ஒரு புல்லுக்காக முப்பது ஆண்டு மரத்தை இழப்பதோ?

நிழல் என்றாலே ஈரம் என்று எண்ணிவிடலாகாது. மரக்குடை சிறு தூறலைத் தரைக்கு விடுவதில்லை. விழுந்த நீரையும் மரத்தின் வேர்களே முதலில் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே முதலாண்டு முழுவதும், மழை பெய்திருப்பினும், விரலை மண்ணில் நுழைத்து ஈரம் பார்த்தே நீர் ஊற்றுங்கள். மரம் உதிர்க்கும் சருகுகளைப் பெருக்கி எரிக்காமல் தூர்களைச் சுற்றிப் பரப்புங்கள். அதைவிட நல்ல மூடாக்கு கடையில் கிடைக்காது. குளிர்காலம் முடிந்ததும் பழுத்த இலைகளை அடியோடு அறுத்துவிட்டால் புதுத்தளிர் செழிக்கும். இலையுறைகளில் உள்ள முரட்டு மயிர்கள் தோலில் அரிப்பு உண்டாக்கும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிந்தே இவ்வேலையில் இறங்குக.

இப்புல்லிடம் ஒரு கண்டிப்பும் தேவை. விதைகளால் விரைந்து பரவும் இது, ஹவாய்த் தீவுகளில் காட்டுக்குள் புகுந்து களையாகி, அங்குள்ள சிறுசெடிகளை நெருக்குகிறது. கதிர் தலைகாட்டியதும், மணி முற்றுமுன், அறுத்துவிட வேண்டும். ஓடைக்கரையிலோ காட்டை ஒட்டியோ வீடுள்ளவர்கள் இதைத் தரையில் நடாமல் தொட்டியில் வளர்ப்பதே பொறுப்பான செயல்.

அடுக்குமாடி வீட்டினருக்கும் தொட்டி பொருந்தும். நேரடி வெயில் குறைந்த வடக்குப் பார்த்த மாடத்தில், ஓரடிக்குக் குறையாத அகலமுள்ள தொட்டியில் ஒரு தூர் போதும். தொட்டி நிறைந்து நீர் நிற்காமல் வழியத் தொடங்கினால், தூரை இரண்டாகப் பிளந்து மறுபாதியை அண்டை வீட்டாருக்கு அளிக்கலாம்.