அப்பாவுக்கு மார்பில் கட்டி

என் அப்பாவுக்கு வயது 72. மார்புக் காம்புக்குப் பின்னால் இருந்த கட்டியைப் புற்றுநோய் என்கிறார்கள். ஆபரேஷன், கரண்ட் எல்லாம் தாங்குவாரா?
– வாசகர், திருச்சுழி

வயது தடையில்லை. இதயமும் நுரையீரலும் மயக்க மருந்தைத் தாங்குமா என்றுதான் டாக்டர்கள் பார்ப்பார்கள். மார்பகப் புற்றுநோய்களில் நூற்றில் ஒன்று ஆண்களுக்கு வருவதுதான். அப்பா கூச்சப்பட வேண்டாம்.

ஆண்களுக்கு மார்புத் திசு குறைவு என்பதால் பெரும்பாலும் காம்போடு சேர்த்தே எடுத்துவிடுவார்கள். அக்குளில் முதல் நிணநீர் முடிச்சை மட்டும் சோதிக்க முடியுமா என்று கேளுங்கள். அது சுத்தமாக இருந்தால் மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை. கை வீங்கும் தொல்லை பெரிதும் குறையும்.

கரண்ட் எனப்படும் கதிர்வீச்சு எல்லாருக்கும் தேவைப்படாது. கட்டி 5 செ.மீ.யைத் தாண்டியிருந்தாலோ, அக்குளுக்குப் பரவியிருந்தாலோ வைப்பார்கள். பல இடங்களில் வாரம் 5 நாளாக 3 வாரம். தினமும் சில நிமிடம்தான், வைக்கும்போது வலிக்காது. மதுரை பாலரெங்காபுரம் அரசுப் புற்றுநோய் மையத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு போங்கள்.