சாலை விபத்தும் காட்டுத் தீயும்: காப்பீட்டின் கணக்கு

சிறு துளி பெரு வெள்ளம் என்பர். காப்பீட்டுத் துறை முழுவதும் இப்பழமொழியின் மீதே நிற்கிறது எனலாம். பலர் சிறு தொகை செலுத்துகின்றனர்; அவர்களுள் இழப்புக்கு ஆளாகும் சிலருக்கு அது பயன்படுகிறது. ஆயினும், எல்லா இழப்புகளையும் இம்முறையால் ஈடுசெய்ய இயலுமா? தேனி மாவட்டத்தில் நாம் நன்கறிந்த இரு ஆபத்துகளைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

வாகனக் காப்பீடு

ஆயிரம் ஜீப்புகள் உள்ளன எனக் கொள்வோம். ஆண்டுக்கு இரண்டு ஜீப்புகள் விபத்துக்குள்ளாகி, ஒவ்வொன்றிற்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர நேர்ந்தால் மொத்தம் 20 லட்சம். ஆளுக்கு 2,000 ரூபாய் செலுத்தினால் கணக்குச் சரியாகிவிடும். கம்பத்தில் ஒரு ஜீப் கவிழ்வதால் போடியில் மற்றொன்று கவிழ்வதில்லை. கணிதத்தில் இவற்றைச் சார்பிலா நிகழ்ச்சிகள் என்கிறோம். இக்கணக்குப் பலிப்பதற்கு இதுவே காரணம்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியுள்ளது. உயிரிழப்புக்கான இழப்பீட்டை, இறந்தவரின் வயதையும் வருமானத்தையும் கொண்டு தீர்ப்பாயம் கணக்கிடுகிறது. அதற்கு உச்சவரம்பு இல்லை. மேலும் 2018 செப்டம்பர் முதல், புதிய இருசக்கர வாகனத்துக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் பிரீமியத்தை ஒருங்கே செலுத்த வேண்டியதாயிற்று. ஆகவே, செலவைக் குறைக்க வழி தேடுவோர் பலர்.

இதன் விளைவை நம் பள்ளத்தாக்கில் காணலாம். குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாக இடுக்கி ஏலத் தோட்டங்களுக்கு நாள்தோறும் விடியற்காலையில் பெண்கள் ஜீப்புகளில் செல்கின்றனர். நம்முள் சிலருடைய அன்னையரும் அவர்களுள் அடங்குவர். சொந்த உபயோகத்துக்கெனப் பதிவு செய்து, சட்டம் கோரும் குறைந்த அளவுக் காப்பீடு மட்டும் எடுத்த ஜீப்பில் பயணம் செய்வோர் ‘மூன்றாம் நபர்’ ஆகார். அளவுக்கு மீறி ஆள் ஏற்றினாலோ, காப்பீட்டில் குறித்த எண்ணிக்கையினருக்கான தொகையை மட்டுமே நிறுவனம் செலுத்தும். அதனை அனைவரும் விகிதப்படி பகிர்ந்துகொண்டு, எஞ்சியதை உரிமையாளரிடமே பெறவேண்டும் என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரீமியத்தில் மிச்சப்படும் சில ஆயிரங்களுக்கு உண்மையான விலை கொடுப்பவர் பின்னிருக்கையில் நெருக்கி அமர்ந்திருக்கும் கூலிப் பெண்ணே.

காட்டுத் தீ

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பரவிய தீயில், மலையேற்றத்துக்கு வந்திருந்தோரில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஊர் மக்களும் விமானப்படை ஹெலிகாப்டர்களும் மீட்புப் பணியில் ஈடுபட்டனர். இறந்தோர் குடும்பங்களுக்கு அரசு நான்கு லட்சம் ரூபாய் அறிவித்தது. சாலையில் இறந்தவருக்கு உள்ளது போன்ற கட்டாயக் காப்பீடு தீயில் இறந்தவருக்கு இல்லை.

ஏன்? தீ சார்பிலா நிகழ்ச்சி அன்று. ஒரு சரிவில் பற்றினால் அடுத்த சரிவுக்கும் பரவும். ஆயிரம் பேரில் இருவருக்கு அன்றி, ஒரே நாளில் ஆயிரவருக்கும் இழப்பு நேரலாம். அப்பொழுது 2,000 ரூபாய்க் கணக்கு நில்லாது. செல்வம் மிக்க கலிபோர்னியாவிலேயே 2023-இல் ஸ்டேட் ஃபார்ம் நிறுவனம் புதிய வீட்டுக் காப்பீடுகளை ஏற்பதை நிறுத்தியது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் பல்லாயிரம் கட்டடங்கள் எரிந்தன.

இத்தகைய ஆபத்தை ஓர் ஊருக்குள் பகிர முடியாது. நாடு முழுவதும், உலகம் முழுவதும் பகிர வேண்டும். காப்பீட்டு நிறுவனங்களே தங்களுக்குக் காப்பீடு செய்துகொள்ளும் மறுகாப்பீடு இதற்காக ஏற்பட்டதே. 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி அமைந்த மாநிலப் பேரிடர் நிதியில் தீயும் ஒரு பேரிடராகச் சேர்க்கப்பட்டுள்ளது. அந்நிதிக்கு மத்திய அரசு 75 விழுக்காடும் தமிழக அரசு 25 விழுக்காடும் அளிக்கின்றன. இதுவும் ஒருவகைக் காப்பீடே. நாம் செலுத்தும் வரியே அதன் பிரீமியம். ஆயினும் கோடைக்கு முன் வெட்டப்படும் தீத்தடுப்புக் கோடு, எந்த நிதியைக் காட்டிலும் மலிவானது.

முடிவுரை

காட்டுத் தீயின் கணக்கை அரசுகள்தாம் தீர்க்க இயலும். ஜீப்பின் கணக்கோ நம் கைக்கு எட்டியது. காப்பீட்டுத் தாளில் அது எவ்வகை வாகனம், எத்தனை பயணிகளுக்குக் காப்பு என்னும் இரு விவரங்கள் அச்சிடப்பட்டிருக்கும். தோட்டத்துக்குச் செல்லும் பெண்களுள் பலர் அதனைப் படித்தறிய வாய்ப்புப் பெறாதவர்கள். கல்லூரிக்கு வந்துள்ள நாம் அத்தாளைக் கேட்டு வாங்கிப் படித்து அவர்களுக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.