கர்னல் மாட்யூலை பில்ட் செய்யும் முன்

புதிதாக வாங்கிய வைஃபை டாங்கிளுக்கு லினக்ஸில் டிரைவர் இல்லையென்றால், யாரோ எழுதி வைத்த மூலநிரலை இறக்கி, கர்னல் மாட்யூலாக நாமே பில்ட் செய்ய வேண்டிவரும். உபுண்டு, டெபியன் கணினிகளை அதற்குத் தயார் செய்ய:

செய்ய வேண்டியவை

• 'யூநேம் -ஆர்' கட்டளையால், இப்போது ஓடும் கர்னலின் முழுப் பதிப்பைப் பாருங்கள். 6.8.0-45-ஜெனரிக் என்று வந்தால், கடைசி எழுத்துவரை அதே பெயருள்ள ஹெடர் பேக்கேஜ்தான் வேண்டும். மாட்யூலுக்குள் 'வெர்மேஜிக்' என்ற பதிப்புக்குறி பதிவாகிறது. அது கர்னலோடு ஒத்துப்போகாவிட்டால், மாட்யூலின் வடிவம் செல்லாது என்று பிழை வரும். செய்தியைப் படித்தால் நிரலில் கோளாறு போலத் தோன்றும். பெரும்பாலும் குற்றவாளி ஹெடர்தான்.

• கர்னல் அப்டேட் ஆகியிருந்தால் முதலில் ரீஸ்டார்ட் செய்யுங்கள். இல்லையெனில் ஓடுவது பழையது, நிறுவுவது புதியது.

• பில்ட்-எசென்ஷியல் பேக்கேஜை நிறுவுங்கள். ஜிசிசி, மேக் இரண்டும் அதிலேயே வந்துவிடும்.

• நிலையாகப் பயன்படுத்தப்போகும் டிரைவரென்றால் டிகேஎம்எஸ் வழியே நிறுவுங்கள். டெல் நிறுவனம் உருவாக்கிய கருவி இது. கர்னல் மாறும்போதெல்லாம் மாட்யூலைத் தானே மறுபடி பில்ட் செய்யும். ஆனால் புது கர்னலின் ஹெடரும் கூடவே வந்தால்தான் அதற்கு வேலை நடக்கும். உபுண்டுவில் எண் இல்லாத 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக்' பேக்கேஜ் அதைப் பார்த்துக்கொள்ளும்.

• செக்யூர் பூட் இயங்கினால் மாட்யூலுக்குக் கையொப்பம் தேவை. கையொப்பச் சாவியைப் பதிவு செய்யக் கொடுத்த கடவுச்சொல்லை, ரீஸ்டார்ட்டில் வரும் நீலத்திரையில் மறுபடி கேட்பார்கள். அவசரத்தில் எண்டரைத் தட்டிக் கடந்துவிட்டு, டிரைவர் வேலை செய்யவில்லை என்று புலம்புபவர்கள் ஏராளம்.

செய்யக்கூடாதவை

• பயன்பாட்டு நிரல்களுக்கான 'லினக்ஸ்-லிப்சி-டெவ்' ஹெடர்களை கர்னல் ஹெடர் என்று நம்பிவிடாதீர்கள்.

• பெயரில் இடைவெளியுள்ள ஃபோல்டரில் மூலநிரலை வைக்காதீர்கள். கர்னலின் பில்ட் முறைக்கு அது ஆகாது.

• ரூட்டாக பில்ட் செய்யாதீர்கள். நிறுவும்போது சூடோ போதும்.

• ஏற மறுக்கும் மாட்யூலை ஃபோர்ஸ் கொடுத்து ஏற்றாதீர்கள். கர்னலுக்குள் ஓடும் நிரலுக்குத் தடுப்புச்சுவர் இல்லை; ஒரு தவறான சுட்டி மொத்த இயங்குதளத்தையும் நிறுத்திவிடலாம்.

• ஹெடர் சரியாக இருந்தும் பில்ட் தோற்றால், கணினியை மேலும் நோண்டாதீர்கள். கர்னலின் உள் செயற்கூறுகள் மாறிக்கொண்டே இருப்பவை: 6.4 பதிப்பில் 'கிளாஸ்_கிரியேட்' தன் முதல் ஆர்கியுமென்ட்டை இழந்தது. அதற்கு முன் எழுதிய டிரைவரைத் திருத்தத்தான் வேண்டும், அல்லது யாரேனும் திருத்திய பதிப்பைத் தேட வேண்டும்.