மழையும் பனியும் கச்சானும்

வானம் தரும் நீர் மழை ஒன்றே எனக் கருதுவோர் பலர். ஆயின், வளிமண்டலத்து நீராவி குளிர்ந்து ஒடுங்கும்போது இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்பப் பல வடிவம் கொள்கின்றது. கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள எமது நெல் வயல்களை வைத்து அவ்வடிவங்களை ஈண்டு நோக்குவாம்.

ஒக்டோபர், நவம்பர் மாதங்களில், வெயிலாற் சூடேறிய ஈரவளி மேலெழுந்து குளிர்ந்து, பிற்பகலில் இடி மின்னலுடன் பொழிகின்றது. இது மேற்காவுகை மழை. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று வங்காள விரிகுடாவின் ஈரத்தைச் சுமந்து வருகின்றது. இவ்விரண்டுமே பெரும்போகத்துக்கு உயிர்; 1949 இல் இங்கினியாகலையில் அணைவேலை தொடங்கப்பெற்ற சேனாநாயக்க சமுத்திரத்தை நிரப்புவனவும் இவையே. 1 மில்லிமீற்றர் மழை ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 4,047 இலீற்றர் நீராகும். அளவு மிகின் அதுவே கேடு என்பதை 2011 சனவரி வெள்ளம் உணர்த்திற்று.

மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்றோ மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையை இறக்கிவிடுகின்றது. பின் கிழக்கே இறங்கும் வளி, கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை செல்சியசு வீதம் சூடேறுகின்றது. அதனாலேயே எம்மிடம் வரும் கச்சான் வறண்டு சுடுகின்றது. மேற்கே மழை தந்த காற்றே இங்கே மண்ணின் ஈரத்தைக் கவர்கின்றது.

முகிலற்ற இரவில் நிலம் வெப்பத்தை இழந்து பனிபடுநிலைக்குக் கீழே குளிர்ந்தால், நீராவி இலைமேற் பனித்துளியாகின்றது. நிலத்தையடுத்த வளியிலே ஒடுங்கின் அது மூடுபனி. நுவரெலியாவில் சனவரி, பெப்ரவரி இரவுகளிற் சிலவேளை உறைபனி காணப்படும். எமது கரையோரத்தில் அத்துணைக் குளிரில்லை.

மழைமானியில் ஒரு துளியும் சேராத நாளிலும் வயல் நனைந்திருக்கலாம். நீடித்த இலையீரம் பங்கசு நோய்களுக்கு இடமளிக்கும். அறுவடையின் பின் நன்கு உலராத நெல் மூட்டையிலே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். சேமிக்க அதன் ஈரப்பதன் ஏறத்தாழ 14 சதவீதத்துக்கு மேற்படலாகாது. ஈரநெல்லுக்கு விலையும் குறையும். ஒரு போகத்து உழைப்பின் பயன் இவ்வாறு களத்திலேயே கெடுதல் உண்டு.

ஆதலின் மழையளவை மட்டும் குறித்தல் போதாது. ஒவ்வொரு பாடசாலையிலும் மழைமானியோடு ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகளும் இருத்தல் நன்று. பழைய மாணவர் கருவிகளை உதவுக. இன்றைய மாணவர் நாடோறும் ஒரே நேரத்தில் அளந்து குறித்து வைக்க. அக்குறிப்பேடு பாடத்துக்கும் பயன்படும்; அயலிலுள்ள உழவர்க்கும் பயன்படும்.