பழைய பிக்கப் வாங்கப் போகிறீர்களா?

வாங்கிப் புதுப்பிக்க ஆசையா? முன்பணம் கொடுக்கும் முன் இவற்றைப் பாருங்கள்.

1. ஆர்.சி.யிலுள்ள சேஸிஸ், இன்ஜின் எண்களை வண்டியோடு ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் பெயர் மாற்றம் சிக்கலாகும்.

2. சேஸிஸைச் சிறு சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்றால் நல்ல இரும்பு. மந்தமாகக் கேட்டால் துரு தின்றிருக்கும்.

3. துணி சுற்றிய காந்தத்தைக் கதவின் அடிப்பகுதியில், மட்கார்டில் வையுங்கள். ஒட்டாத இடத்தில் பெயின்ட்டுக்கு அடியில் பட்டி இருக்கும்.

4. இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடேற்றிய வண்டி கோளாறை மறைக்கும். நீலப் புகை தொடர்ந்தால் ஆயில் எரிகிறது.

5. டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

6. இல்லாத கண்ணாடி, விளக்கு, கைப்பிடிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய மாடலுக்கு இவற்றைத் தேடுவதே பெரிய வேலை.