கல்லூரிக்குப் போகும் சோமனூர்ப் பிள்ளைகளுக்கு

கண்ணுகளா, இந்த வருசமும் நம்மூரிலிருந்து நிறையப் பேர் கோவைக் கல்லூரிகளில் சேர்ந்திருக்கிறீர்கள். விடுதிக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

1. சீனியரை அண்ணா, அக்கா என்று கூப்பிடு. ரெக்கார்டு எழுதித் தரச் சொன்னாலோ, நடுராத்திரி அறைக்கு வரச் சொன்னாலோ முடியாது என்று சொல். அடித்தால்தான் ராகிங் என்றில்லை. உனக்குப் பயமோ அவமானமோ வரும்படி எதைச் செய்யவைத்தாலும் சட்டப்படி அது ராகிங்தான்.

2. அந்தச் சட்டம் சும்மா வரவில்லை. 1996 நவம்பரில் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில், முதலாண்டு மாணவன் நாவரசு சீனியர் ஒருவனால் கொல்லப்பட்டான். 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். கல்லூரியை விட்டு நீக்கினால் வேறெங்கும் சேர முடியாது.

3. வீட்டில் சொல். நம்மூர்ப் பிள்ளைகள் சொல்வதில்லை என்பதுதான் என் பெரிய கவலை. ராத்திரி ஷிஃப்ட் தறி ஓட்டி, கூலி உயர்வுக்குப் போராடி, அப்பா ஃபீஸ் கட்டுகிறார். அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள். பிறகு ஒருநாள் படிப்பு வேண்டாமென்று பெட்டியோடு வந்து நிற்கிறார்கள். காரணம் தெரியாமல் அந்த வீடு படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். முதல் நாளே சொல்லிவிடு சாமி. அப்பா தாங்குவார்.

4. பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. 2023-ல் கோவையிலேயே ஒரு விடுதியில், குடிக்கப் பணம் கேட்டு ஜூனியருக்கு மொட்டை அடித்த சீனியர்கள் கைதானார்கள்.

5. இது இரண்டாமாண்டுக்குப் போகிறவர்களுக்கு. மன்றம், விளையாட்டு அணி, துறைச் சங்கம் எல்லாம் இனி உங்கள் கையில். "நாங்க பட்டோமே, அவனும் படட்டும்" என்ற பேச்சை உங்களோடு நிறுத்துங்கள். ராகிங் செய்ததாக நான் விசாரித்தவர்களில் பலர் முந்தின வருசம் அடிபட்டவர்கள். தண்டால், உட்கார்ந்து எழுவதெல்லாம் உடம்புக்கு நல்லதுதானே என்பார்கள். 1997-ல் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வரப்பிரகாஷ் என்ற தமிழ் மாணவனை அப்படித்தான் உடற்பயிற்சி செய்யவைத்து வதைத்தார்கள். சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனான். புதியவர்களைப் பகலில், வகுப்பறையில், ஆசிரியர் இருக்கும்போது வரவேற்றுப் பேசுங்கள். ஒட்டாமல் ஒதுங்கி நிற்பவனை வற்புறுத்தாதீர்கள். சோற்றுக்குப் போகும்போது மட்டும் அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

6. நடந்த நேரம், இடம், ஆட்கள் பெயர் மூன்றையும் அன்றைக்கே எழுதி வை. வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதே. கல்லூரிக்குள் ராகிங் தடுப்புக் குழுவிடம் போ. அங்கே இழுத்தடித்தால் ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522-க்குப் பேசு. ராத்திரியிலும் எடுப்பார்கள், காசு ஆகாது. சேரும்போது நீயும் பெற்றோரும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தீர்களே, அதோடு நிற்காமல் இந்த எண்ணை அம்மா போனிலும் பதிந்து வை.