குளக்கரையில் ஒரு மண்டலம்: போராட்டத்தை வழிபாடாகச் செய்ய ஒரு வழிகாட்டி

தேவாரம் பாடிய அப்பர் கையில் எப்போதும் உழவாரம் இருக்கும். கோயில் பிராகாரத்தில் முளைக்கும் புல்லைச் செதுக்கும் கருவி அது. பல்லவ மன்னன் ஆளனுப்பியபோது அடிபணிய மறுத்தவரும் அவரே என்கிறது பெரியபுராணம். புல் செதுக்குவதையும் அரசனை எதிர்ப்பதையும் அவர் தனித்தனியாக வைத்துக்கொள்ளவில்லை. அந்த வழியில் இறங்க நினைப்பவர்களுக்கு, நடந்து போகும் தூரத்தில் ஒரு குளம் இருந்தால் போதும்.

1. முதலில் சும்மா பாருங்கள்

ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தினமும் காலையில் குளத்துக்குப் போங்கள். போட்டோ, ஸ்டேட்டஸ் எதுவும் வேண்டாம். மழை பெய்த மறுநாள் கட்டாயம் போக வேண்டும். வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரியும். தண்ணீர் குளத்துக்குள் வராமல் ரோட்டில் ஓடும்.

2. கையில் அழுக்குப் படட்டும்

ஞாயிறு காலை இரண்டு மணி நேரம், மண்வெட்டி, கையுறை, நாலு சாக்கு. கேரி பேக்கோடு வீசிய வாடிய மாலைகள், கண்ணாடி உடைந்த சாமி படங்கள் எல்லாம் வரும். குளத்தைக் கெடுப்பதில் பக்தர்களுக்கும் பங்குண்டு.

3. மனுவை ஜபம்போல் எழுதுங்கள்

பலர் கழன்றுகொள்வது இங்கேதான். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, குளத்தின் பரப்பளவையும் புல வரைபட நகலையும் கேளுங்கள். பதில் தர 30 நாள் கெடு. வராவிட்டால் மேல்முறையீடு. தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். குளத்தைப் பற்றி அங்கே பேசியது போதாது, தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். ஏறும்வரை எழுந்து வராதீர்கள். என் முதல் மனுவைக் காணவில்லை என்று கைவிரித்தார்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வந்தது என் தப்பு.

4. கோபம் வரும்

1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் நிலமற்ற கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை நிலக்கிழார்களின் ஆட்கள் எரித்துக் கொன்றார்கள். அதன் பிறகு கீழத்தஞ்சைக்கு வந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும், நிலமற்றவர்களுக்கு நிலம் கிடைக்க நிலக்கிழார்களுடனேயே உட்கார்ந்து பேரம் பேசினார்கள். வங்கிக் கடனில் நிலத்தை வாங்கிக் கொடுத்தார்கள். 1981இல் அவர்கள் தொடங்கிய லாஃப்டி இயக்கத்தின் வேலையும் அதுதான். காந்தியும் வள்ளலாரும் கிருஷ்ணம்மாளுக்கு வழிகாட்டிகள். அவ்வளவு பெரிய கொடுமைக்குப் பிறகும் பேரம் பேசுகிற பொறுமையைத்தான் நான் தவம் என்பேன்.

நம் அளவில் அது இப்படி இருக்கும்: குளத்தை ஆக்கிரமித்தவர் உங்கள் சித்தப்பாவாகவே இருக்கலாம். சின்ன ஊர்களில் அது சகஜம். மனு போடும் முன் ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய், டீ குடித்துவிட்டு, மனு போடப் போவதை நேரில் சொல்லுங்கள். கிளார்க்கிடம் கத்தாதீர்கள். கரையை வளைத்தவர் அவர் இல்லை.

5. உண்ணாவிரதம்

இது புதிதாக இறங்குபவர்களுக்கு இல்லை.

6. சேர்ந்து சாப்பிடுங்கள்

வடலூர் தருமச்சாலையில் 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. ஞாயிறு வேலை முடிந்ததும் நீங்களும் கஞ்சி காய்ச்சி, மனு எழுதியவர், மண் வெட்டியவர் எல்லோரும் ஒரே பந்தியில் உட்காருங்கள். பாத்திரம் தேய்க்க முறை போட்டு, பெயர்களைத் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த வேலை பெண்கள் தலையில் விழுந்துவிடும்.